காலையில் இயங்க மறுத்த கணினி: இரண்டு கோளாறுகள் ஒன்றாகத் தோன்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட கணினி, யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்திக்கு அண்மையில் தட்டச்சு, போட்டோக்கொப்பி, சிறு அச்சு வேலைகள் ஆகியவற்றைச் செய்யும் ஒரு கடையினுடையது. இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 புரொசசர், எச்81 சிப்செட் கொண்ட மதர்போட், நான்கு ஜிபி டி.டி.ஆர்.3 றாம் இரண்டு, 500 ஜிபி ஹாட் டிஸ்க், 450 வாட் என்று மேலே அச்சிடப்பட்ட மலிவான பவர் சப்ளை என்பன அதன் உறுப்புகள். தனியான கிராபிக்ஸ் அட்டை கிடையாது. 2014 இல் விண்டோஸ் 7 இட்டுப் பொருத்தப்பட்ட இந்தக் கணினி, பின்னர் அதே நிறுவலின் மீதே விண்டோஸ் 10 ஆக மேம்படுத்தப்பட்டது. ஹாட் டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவாமல் மேம்படுத்தியிருந்தார்கள் என்பது இந்த ஆய்வின் பிற்பகுதியில் முக்கியம் பெறும்.

கடையின் வருமானத்தில் கணிசமான பங்கு, இறந்தவருக்குச் செய்யும் அந்தியேட்டிச் சடங்குக்கு அச்சிடப்படும் நினைவு மலர்களிலிருந்து வருவது. முப்பத்தோராம் நாளுக்கு முன் பக்கங்கள் அச்சகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த வேலைக்குப் பொருளே இல்லை. கணினி முடங்கியபோது அத்தகைய மலரொன்று பாதி முடிந்த நிலையில் அதனுள் இருந்தது.

முறைப்பாடும் முன்னைய முயற்சிகளும்

கடை உரிமையாளர் சொன்னதை அவருடைய சொற்களிலேயே தருகிறேன்: "தம்பி, காலமை வந்து சுவிச்சைப் போட்டா ஃபான் ஒருக்காச் சுத்தும், நிக்கும், திரும்பச் சுத்தும். அப்பிடியே நிண்டு இழுத்துக்கொண்டிருக்கும். பதினொரு மணிக்குப் பிறகு தன்ரபாட்டில வந்திடும்." நோயறிதலுக்கு வேண்டியதில் பாதி இந்தப் பேச்சிலேயே இருந்தது. ஒரு கோளாறு நேரத்தைப் பார்த்து வருகிறது என்றால், அது மென்பொருளில் இருப்பதற்கான வாய்ப்பு குறைவு. வெப்பநிலை, மின்னழுத்தம், ஈரப்பதன் ஆகிய மூன்றில் ஒன்றையே முதலில் ஐயுற வேண்டும்.

ஆனால் அண்மைக்காலத்தில் முறைப்பாடு வேறு வடிவம் எடுத்திருந்தது. முன்னர் நண்பகலுக்குள் சரியாகிவிட்ட கணினி, இப்போது நண்பகலில் ஃபான் ஒழுங்காகச் சுழன்று விண்டோஸ் சின்னம் தோன்றும் வரை வந்து, பிழையை அறிவிக்கும் நீலத்திரை காட்டித் திரும்பத் தொடங்கும் நிலைக்குப் போயிருந்தது. உரிமையாளருக்கு இரண்டும் ஒன்றே: கொம்பியூட்டர் வேலை செய்யவில்லை. அவர் அப்படிக் கருதியதில் வியப்பில்லை. பழுது பார்க்க வந்தவர்களும் அப்படியே கருதியதுதான் சிக்கலை வளர்த்தது.

முதலில் வந்தவர் றாம்களைக் கழற்றி, அவற்றின் பொன்முலாம் பூசிய விளிம்பை அழிறப்பரால் தேய்த்து மீண்டும் பொருத்தியிருக்கிறார். கணினி இயங்கியது. கடற்காற்றின் உப்பு படியும் எங்கள் பிரதேசத்தில் இந்த வைத்தியம் பல தடவைகளில் உண்மையாகவே பலன் தருவது. குருநகர், பருத்தித்துறை போன்ற கரையோர இடங்களிலிருந்து வரும் கணினிகளில் றாமின் தொடுமுனைகள் மங்கிக் கிடப்பதை அடிக்கடி காணலாம். ஆயினும் இங்கே அவர் வேலையை முடித்தபோது நேரம் நண்பகலைத் தாண்டியிருந்தது என்பதையும், றாமைத் தொடாமலே விட்டிருந்தாலும் அந்த நேரத்தில் கணினி இயங்கியிருக்கும் என்பதையும் எவரும் சேர்த்துப் பார்க்கவில்லை. மறுநாட் காலை பழைய நிலைதான்.

இரண்டாவதாக வந்தவர் மூன்று காரியங்களைச் செய்தார். பவர் சப்ளையின் பெரிய இணைப்பியில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பியையும் ஒரு சிறு கம்பித்துண்டால் இணைத்தார், ஃபான் சுழன்றது, "பவர் சப்ளை நல்லது" என்று முடிவு கூறினார். பின்னர் மதர்போட்டிலுள்ள நாணய வடிவ பற்றரியைக் கழற்றிச் சற்றுநேரம் விட்டு, கணினியை எழுப்பும் தொடக்க நிரலான பயாஸின் அமைப்புகளை அழித்து, அதே பற்றரியை மீண்டும் போட்டார். அதன்பின் நண்பகலில் கணினி நீலத்திரை காட்டத் தொடங்கியதும், விண்டோஸ் கெட்டுவிட்டது, ஹாட் டிஸ்க்கை ஃபோமற் செய்து புதிதாக நிறுவ வேண்டும் என்றார். முடியாத மலர் உள்ளே இருந்ததால் மட்டுமே உரிமையாளர் அதற்கு உடன்படவில்லை.

எந்தக் கட்டத்தில் நிற்கிறது?

கணினி இயங்கவில்லை என்ற ஒரே முறைப்பாட்டின் கீழ் முற்றிலும் வேறான பல நிலைமைகள் அடங்கும். பட்டனை அழுத்தியும் எந்த அசைவும் இல்லாவிட்டால் பிளக், ஃபியூஸ், பவர் சப்ளை, முன்பக்கப் பட்டன் ஆகியவற்றோடு விசாரணை நின்றுவிடும். விண்டோஸைப் பற்றிப் பேசவே தேவையில்லை. ஃபான் சுழன்றும் திரையில் எதுவும் தோன்றாவிட்டால், பயாஸ் தனது தொடக்கச் சோதனையை முடிக்க முடியாமல் நிற்கிறது என்று பொருள். அங்கே றாம், புரொசசர், மதர்போட், மின்னழுத்தம் என்பன குற்றவாளிகளாகலாம். பயாஸின் எழுத்துகள் தோன்றிய பின் இயக்கக்கூடிய வட்டு இல்லை என்ற அறிவிப்பு வந்தால், ஹாட் டிஸ்க்கும் அதன் கேபிளும் பயாஸில் உள்ள வரிசையும் பார்க்கப்பட வேண்டும். விண்டோஸ் சின்னம் வந்த பின் முறிந்தால் அதுவரை மின்சாரமும் றாமும் பெரும்பாலும் தம் கடமையைச் செய்துவிட்டன என்று கொள்ளலாம்.

இந்தக் கணினி காலையில் இரண்டாவது கட்டத்துக்கும் முன்னரே நின்றது; நண்பகலில் நான்காவது கட்டத்தில் நின்றது. ஒரே கோளாறு இப்படி இரண்டு இடங்களில் நிறுத்துவது நடக்காத ஒன்றல்ல. தளம்பும் மின்னழுத்தம் விண்டோஸையும் முறிக்கக்கூடும். ஆனால் அதை நிறுவும் வரை இவற்றை இரண்டு தனி வழக்குகளாகவே நடத்துவதென்று முடிவு செய்தேன். முதல் வழக்கு முடியும் வரை இரண்டாவதைத் தொடுவதில்லை என்பதையும் அதனோடு சேர்த்துக்கொண்டேன். அத்திவாரம் ஆடும்போது ஓடு மாற்றுவதில் பயனில்லை.

பெட்டிக்கு வெளியே

பெட்டியைத் திறக்குமுன் அதற்கு வரும் மின்சாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. கணினி, மொனிற்றர், லேசர் பிரின்ரர் மூன்றும் ஒரே எக்ஸ்ரென்சன் கோட்டில் இருந்தன. யு.பி.எஸ். ஒன்று இருந்தது, அதன் பற்றரி செத்து நீண்ட காலமாகியிருந்ததால் அது மேசைக்கடியில் கால் வைக்கும் பலகையாகவே பயன்பட்டது. லேசர் பிரின்ரரின் உள்ளே தூளை உருக்கித் தாளில் பதிக்கும் உருளை சூடேறும் ஒவ்வொரு தடவையும் பல நூறு வாட் மின்சாரத்தை இழுக்கும். அதைக் கணினியோடு ஒரே கோட்டில் வைப்பது நல்லதல்ல. ஆயினும் பிரின்ரர் அணைந்திருந்த வேளையிலும் காலைக் கோளாறு அப்படியே இருந்தது.

இன்னொன்றும் தெரியவந்தது. கணினிப் பெட்டியின் பின்புற உலோகத்தைத் தொட்டால் விரலில் சுள்ளென்று உணரப்பட்டது. கணினியைச் சுவரிலுள்ள 13 அம்பியர் பிளக்கில் நேரடியாகச் செருகியபோது அந்த உணர்வு மறைந்தது. ஃபான் சுழன்று நிற்கும் கோளாறு மறையவில்லை. ஆகவே எர்த் குறைபாடு கோட்டில் இருந்தது, அது இயங்காமைக்குக் காரணமும் அன்று. கோட்டைத் திறந்து பார்த்ததில், மூன்று முனைப் பிளக்கும் மூன்று துளைச் சொக்கற்றும் கொண்ட அந்தக் கோட் இரட்டைக் கம்பி வயரால் செய்யப்பட்டிருந்தது தெரிந்தது. எர்த் முனைக்கு எதுவுமே இணைக்கப்படவில்லை. பவர் சப்ளையின் நுழைவாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு கப்பாசிற்றர்கள் இரு மின்கம்பிகளிலிருந்தும் உலோகப் பெட்டிக்கு இணைக்கப்பட்டிருக்கும். எர்த் இல்லாதபோது அவற்றினூடாக, 230 வோல்ற்றில் ஏறத்தாழப் பாதி, மிகச் சிறிய ஓட்டத்துடன் பெட்டியில் நிற்கும். அந்த ஓட்டம் ஆளைக் கொல்லும் அளவினதல்ல. ஆனால் பவர் சப்ளையின் உள்ளே வேறொரு பழுது ஏற்பட்டு மின்கம்பி பெட்டியைத் தொட்டுவிட்டால், காப்பாற்ற வேண்டிய எர்த் அங்கே இருக்காது. இப்படியான கோட்டுகள் செய்து விற்கப்படுவது வருந்தத்தக்கது. மூன்று கம்பி வயர் கொண்ட கோட் ஒன்றை உரிமையாளர் அன்றே வாங்கினார்.

இரவில் மெயின் சுவிச்சை அணைக்கும் வழக்கம்

கடை பூட்டும்போது மெயின் சுவிச்சை அணைத்துவிட்டுப் போவது அந்தக் கடையின் ஒழுங்கு. சித்திரையிலும் ஐப்பசியிலும் மாலை இடிமின்னலோடு மழை பெய்யும் பிரதேசத்தில் இது விவேகமான பழக்கம். இதைக் கைவிடும்படி எவருக்கும் நான் சொல்லமாட்டேன். ஆனால் கோளாறு காலையில் மட்டும் வருவதற்கான விளக்கம் இதற்குள் இருக்கக்கூடும் என்று தோன்றியது. அணைத்த நிலையில் உள்ள மேசைக் கணினியும் பிளக்கில் இருக்கும் வரை முழுவதும் உறங்குவதில்லை. பவர் சப்ளையின் உள்ளே காத்திருப்புச் சுற்று எனப்படும் ஒரு சிறிய தனிச் சுற்று ஓயாமல் ஐந்து வோல்ற்று வழங்கிக்கொண்டே இருக்கும். முன்பக்கப் பட்டனை அழுத்தியதும் அதைக் கவனிப்பதற்கு மதர்போட் விழித்திருப்பது இந்த ஐந்து வோல்ற்றினால்தான். மெயின் சுவிச் அணைந்தால் இதுவும் அணைந்துவிடும். காலையில் சுற்று முழுவதும் குளிர்ந்த நிலையிலிருந்து தொடங்கும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை. மழைக்குணம் இல்லாத ஓர் இரவு மெயின் சுவிச்சை அணைக்காமல் விடும்படி கேட்டுக்கொண்டேன். மறுநாட் காலை முதல் அழுத்திலேயே ஃபான் நிற்காமல் சுழன்றது. அடுத்த இரவு வழமைபோல் அணைத்தார்கள். காலையில் கோளாறு திரும்ப வந்தது. றாமோ புரொசசரோ காரணமாக இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. விசாரணை இனி ஐந்து வோல்ற்றுக் காத்திருப்புச் சுற்றின் மீது குவியலாம்.

அளவீடு

மதர்போட்டில் செருகப்பட்ட 24 முனை இணைப்பியை அகற்றாமல், அதன் பின்புறத்தால் மல்ரிமீற்றரின் ஊசிமுனையை உட்செலுத்தி அளக்கலாம். அப்படி அளப்பதே பயனுள்ளது, ஏனெனில் சுமை இருக்கும்போதுதான் உண்மை வெளிவரும். ஊதாக் கம்பி காத்திருப்பு ஐந்து வோல்ற்று. பச்சைக் கம்பி, மதர்போட் பவர் சப்ளையை எழுப்பும் கட்டளை. மதர்போட் அதைக் கீழே இழுத்து ஏறத்தாழப் பூச்சியமாக்கும்போது பிரதான சுற்று தொடங்கும். சாம்பல் நிறக் கம்பி, எல்லா மின்னழுத்தங்களும் ஒழுங்கு என்று பவர் சப்ளை மதர்போட்டுக்குத் தரும் வாக்குறுதி. அது வரும்வரை புரொசசர் தன் வேலையைத் தொடங்காது. கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏ.ரி.எக்ஸ். தரத்தின்படி ஐந்து வோல்ற்று என்பது ஐந்து வீதம் கூடிக் குறையலாம், அதாவது 4.75 இலிருந்து 5.25 வரை. பன்னிரண்டு வோல்ற்றுக்கு அந்த எல்லை 11.4 இலிருந்து 12.6 வரை.

காலையில், மெயின் சுவிச்சைப் போட்டவுடன், ஊதாக் கம்பியில் 4.6 வோல்ற்று இருந்தது. தர எல்லைக்கு இது ஏற்கெனவே கீழே. பட்டனை அழுத்தியதும் மீற்றரின் எண் நான்கை நோக்கி விழுந்தது. பச்சைக் கம்பி ஒழுங்காகக் கீழே இறங்கியது. எனவே பட்டனும் மதர்போட்டின் கட்டளைச் சுற்றும் குறையற்றவை. சாம்பல் நிறக் கம்பி எழும்ப முயன்று உடனே விழுந்தது. ஃபான் சுழல்வதும் நிற்பதும் இந்த ஏற்ற இறக்கத்தோடு ஒத்துப்போயிற்று. பல மலிவான பவர் சப்ளைகளில் பிரதான சுற்றை நெறிப்படுத்தும் சிப்புக்கும் உணவு இந்தக் காத்திருப்புச் சுற்றிலிருந்தே போகிறது. ஆகவே காத்திருப்பு மின்னழுத்தம் சரிந்தால் பிரதான சுற்றும் தொடங்கிய கணமே சாய்ந்துவிடும்; சாய்ந்தால் சுமை குறையும்; சுமை குறைந்தால் மின்னழுத்தம் மீளும்; மீண்டும் தொடங்கும். உரிமையாளர் "இழுத்துக்கொண்டிருக்கும்" என்று சொன்னது இந்தச் சுழலைத்தான்.

ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் பிளக்கில் விட்ட பின் அதே ஊதாக் கம்பி 4.9 ஐத் தாண்டியது, கணினி எழுந்தது. இதற்குக் காரணம், காத்திருப்புச் சுற்றின் வெளியீட்டை மட்டப்படுத்தும் மின்பகு கப்பாசிற்றர்கள். அவற்றினுள் இருக்கும் திரவம் ஆண்டுக்கணக்கான வெப்பத்தில் மெல்ல உலர்ந்துவிடும். உலர உலர அவற்றின் உட்தடை கூடும். குளிர்ந்த நிலையில் அந்த உட்தடை மேலும் அதிகம். மின்னோட்டத்தின் அலைவினால் உள்ளே சற்றுச் சூடேறியதும் அது குறைந்து, கப்பாசிற்றர் தற்காலிகமாக உயிர்பெறும். யாழ்ப்பாணத்துக் காலைகள் குளிரானவை அல்ல என்று எவரும் வாதிடலாம். ஆனால் முடிவெல்லையில் நிற்கும் உறுப்புக்கு இரவுக்கும் நண்பகலுக்கும் இடையிலான வேறுபாடும், உள்ளே உண்டாகும் சிறு சூடும் போதும். இவ்வகைக் கப்பாசிற்றரின் ஆயுள், வெப்பநிலை பத்துப் பாகை கூடும்போது ஏறத்தாழப் பாதியாகிவிடும் என்பது மின்னணுத் துறையில் பொதுவாகக் கையாளப்படும் கணிப்பு. தகரக் கூரையின் கீழுள்ள ஒரு கடையில், சுவரோடு ஒட்டி வைக்கப்பட்டு, தூசி அடைத்த பவர் சப்ளை ஒன்று இவ்வளவு காலம் தாங்கியதே பெரிது. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டுக் காலத்தையும், மின் திரும்பும் ஒவ்வொரு தடவையும் ஏற்பட்ட திடீர் உந்தலையும் அது கடந்து வந்திருந்தது.

கம்பித்துண்டுச் சோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

பச்சையையும் கறுப்பையும் இணைத்துப் பார்க்கும் சோதனை யாழ்ப்பாணத்தில் மட்டுமன்றி எங்கும் பரவலாகச் செய்யப்படுவது. அதன் பயன் ஒரு பக்கத்துக்கு மட்டுமே உரியது. ஃபான் சுழலாவிட்டால் பவர் சப்ளை பெரும்பாலும் செத்துவிட்டது. சுழன்றாலோ, சுமை ஏதும் இல்லாதபோது அதனால் தொடங்க முடிகிறது என்பதற்கு மேல் எதுவும் நிறுவப்படவில்லை. மதர்போட்டிலிருந்து கழற்றிய பவர் சப்ளையின் காத்திருப்புச் சுற்றுக்குச் சுமையே கிடையாது. சோதனை நண்பகலில் நடந்ததால் அது சூடேறியும் இருந்தது. தேறுவதற்கு வசதியான எல்லாச் சூழ்நிலைகளையும் அமைத்துக் கொடுத்துவிட்டு வைத்த பரீட்சையில் அது தேறியது. அதன்பின் பவர் சப்ளை ஐயத்திலிருந்து விலக்கப்பட்டதால், பயாஸும் விண்டோஸும் அநியாயமாக விசாரிக்கப்பட்டன.

மாற்றிப் பார்த்தல்

அளவீடு குற்றவாளியைக் காட்டியிருந்தாலும், மதர்போட் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுப்பதால் மின்னழுத்தம் விழுகிறது என்ற வாய்ப்பை விலக்க வேண்டியிருந்தது. ஹாட் டிஸ்க், டிவிடி, முன்பக்க யு.எஸ்.பி. எல்லாவற்றையும் கழற்றி, புரொசசர், அதன் ஃபான், ஒரு றாம் என்பவற்றோடு மட்டும் விட்டுப் பார்த்தேன். காலைக் கோளாறு மாறவில்லை. சிறு ஒலிப்பானொன்றை மதர்போட்டில் செருகி, றாம் இரண்டையும் கழற்றி, சூடேறிய நிலையில் இயக்கியபோது தொடர்ந்து பீப் ஒலி வந்தது. றாம் இல்லை என்று குரல் எழுப்பும் மதர்போட்டில் புரொசசரும் பயாஸ் சிப்பும் உயிருடன் இருக்கின்றன; அந்த ஒலி கிடைப்பது நல்ல செய்தி. இப்போது வரும் பெரும்பாலான பெட்டிகளில் ஒலிப்பான் வைக்கப்படுவதில்லை என்பதால் பழுது பார்ப்பவர்கள் ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நன்று.

அடுத்த காலை, மெயின் சுவிச்சைப் போட்ட உடனேயே, நல்ல நிலையிலுள்ள வேறொரு பவர் சப்ளையை இணைத்து இயக்கினேன். ஊதாக் கம்பியில் 5.05 வோல்ற்று, பட்டனை அழுத்தியபோதும் அசையவில்லை. கணினி முதல் தடவையிலேயே பயாஸ் திரைக்கு வந்தது. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை: மின்சாரம் முழுவதும் நின்று வந்த பின் சில மதர்போட்டுகள் ஒரு தடவை அணைந்து மீண்டும் எழுவது அவற்றின் இயல்பு. ஒரு தடவை நிகழும் அதைக் கோளாறாகக் கொள்ளத் தேவையில்லை. திரும்பத் திரும்ப நிகழ்வதே கோளாறு.

பழைய பவர் சப்ளையை, பிளக்கிலிருந்து கழற்றி நீண்ட நேரம் விட்டு, பெரிய கப்பாசிற்றர்களில் எஞ்சிய மின்னேற்றம் வடிந்ததை அளந்து உறுதிசெய்த பின்னரே திறந்தேன். 230 வோல்ற்று மின்சாரம் அங்கே நேரோட்டமாகி ஏறத்தாழ 325 வோல்ற்றாக நிற்கும். அனுபவமில்லாதவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே கூடாது. காத்திருப்புச் சுற்றின் வெளியீட்டில் இரண்டு கப்பாசிற்றர்களின் தலை புடைத்து, ஒன்றின் அடியில் பழுப்பு நிறக் கசிவு காய்ந்திருந்தது. பல்லி ஒன்றின் உலர்ந்த உடலும் இருந்தது. அது இந்த வழக்கில் குற்றவாளி அல்ல, எனினும் பின்புறத் துளைகளுக்குத் தகடு போடாத பெட்டிகளில் பல்லி மதர்போட்டுக்கும் போய்ச் சேரும் என்பதைக் குறித்துக்கொள்வது நல்லது. கப்பாசிற்றர்களை மாற்றினால் அந்தப் பவர் சப்ளை இயங்கியிருக்கும். ஆனால் மற்றவையும் அதே வயதினவை. பிழைத்தால் மதர்போட்டையும் ஹாட் டிஸ்க்கையும் கூடவே இழுத்துக்கொண்டு போகக்கூடியது பவர் சப்ளை. அதைப் பழுது பார்த்துத் திரும்பப் பொருத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. 54 வாட் வகைப் புரொசசரும் ஒரு ஹாட் டிஸ்க்கும் கொண்ட இந்தக் கணினிக்குப் பெரிய வாட் எண் தேவையில்லை; தரமான 400 வாட் ஒன்று தாராளமாகப் போதும். ஆகவே புதியது வாங்கப்பட்டது.

இரண்டாவது வழக்கு: நீலத்திரை

உறுதியான மின்சாரம் கிடைத்த பின்னும் நீலத்திரை மறையவில்லை. ஆகவே அது முதற் கோளாறின் நிழல் அன்று. தனிக் காரணம் உடையது. திரையில் வந்த சொற்றொடர் 'இன்அக்செசிபிள் பூட் டிவைஸ்'. விண்டோஸ் தொடங்கிவிட்டது, ஆனால் தான் குடியிருக்கும் வட்டையே தன்னால் அணுக முடியவில்லை என்கிறது.

இந்த இடத்தில் எதையும் திருத்த முயலுமுன் தரவுகளை வெளியே எடுப்பதே முறை. விண்டோஸ் அல்லாத வேறொரு இயங்குதளமான உபுண்டு லினக்ஸ் இடப்பட்ட யு.எஸ்.பி.யில் இருந்து கணினியை இயக்கியபோது ஹாட் டிஸ்க் உடனே தெரிந்தது. அதன் சொந்த உடல்நலப் பதிவில் பழுதடைந்த பகுதிகளோ இடம் மாற்றப்பட்ட பகுதிகளோ இல்லை. வாடிக்கையாளர்களின் கோவைகள் அனைத்தும் வெளி வட்டொன்றில் பிரதி செய்யப்பட்டன. லினக்ஸ் அதே வட்டை, அதே கேபிளில், அதே மதர்போட்டில் குறையின்றி வாசித்ததால் மூன்றும் ஒருங்கே குற்றமற்றவையாயின. விண்டோஸுக்கும் வட்டுக்கும் இடையிலான பேச்சு முறையே எஞ்சிய ஐயம்.

பிரதி செய்யும்போது மற்றொரு தடயம் கிடைத்தது. நினைவு மலரின் கடைசித் திருத்தப் பிரதியை உரிமையாளரால் அடையாளம் காண முடியவில்லை. கோவைகளில் பதிந்திருந்த திகதிகள் அவை திருத்தப்பட்ட நாட்களோடு பொருந்தவில்லை. விசாரித்தபோது, பல மாதங்களாகவே காலையில் கணினியின் மணிக்கூடு முதல்நாள் கடை பூட்டிய நேரத்தில் நின்றிருந்ததாகவும், கடைப் பையன் நினைத்தபோது அதைத் திருத்திவிடுவதாகவும், திருத்தாத நாட்களில் சில இணையத்தளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டியதாகவும் சொன்னார். மதர்போட்டின் சி.ஆர். 2032 பற்றரி செத்துக்கொண்டிருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. கழற்றி அளந்தபோது, மூன்று வோல்ற்று இருக்க வேண்டிய அது இரண்டுக்கும் கீழே நின்றது.

மெயின் சுவிச் வழக்கம் இங்கே மீண்டும் குறுக்கிடுகிறது. பிளக்கில் மின்சாரம் இருக்கும் வரை மணிக்கூட்டுச் சுற்று காத்திருப்பு ஐந்து வோல்ற்றிலிருந்தே உணவு பெறும். பற்றரி சும்மா இருக்கும். மின்சாரம் அணைந்தால் மட்டுமே பற்றரி செலவாகும். இரவு முழுவதும் மின்சாரம் இல்லாத கணினியில் அது விரைவாகத் தீர்வது இயல்பு. மின்னழுத்தம் குறையும்போது முதலில் மணிக்கூடு நின்றுவிடும். பயாஸ் அமைப்புகள் அதன் பின்னரும் சில காலம் தாக்குப்பிடிப்பது உண்டு. அதனால்தான் நேரம் பிழைத்த மாதங்களிலும் விண்டோஸ் ஒழுங்காக எழுந்தது.

அமைப்புகள் அழிந்தது பற்றரியின் இறப்பினால் அல்ல. இரண்டாவதாக வந்தவர் அவற்றை வேண்டுமென்றே அழித்ததனால். பயாஸில் நுழைந்து பார்த்தபோது விண்டோஸ் வட்டோடு பேசும் வட்டு இணைப்பு முறை 'ஏ.எச்.சி.ஐ.' என்ற புதிய முறையாக இருந்தது. எச்81 மதர்போட்டுகளில் பொதுவாகத் தொழிற்சாலையில் வைக்கப்படும் அமைப்பு அதுவே. ஆனால் இந்த விண்டோஸ் நிறுவப்பட்டபோது அது 'ஐ.டி.இ.' என்ற பழைய முறையில் இருந்திருக்க வேண்டும். விண்டோஸ் எக்ஸ்.பி.யின் நிறுவல் வட்டில் ஏ.எச்.சி.ஐ. முறையைக் கையாளும் செலுத்தி (டிரைவர்) இல்லாததால், அக்காலத்தில் கணினி பொருத்தியவர்கள் முதல் வேலையாக ஐ.டி.இ.க்கு மாற்றுவதைப் பழக்கமாக்கியிருந்தார்கள்; விண்டோஸ் 7 வந்து தேவை நீங்கிய பின்னும் பலர் கைப்பழக்கத்தில் அதையே செய்தார்கள். மேம்படுத்தலின்போது விண்டோஸ் 10 அந்த ஐ.டி.இ. ஏற்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் தேவையில்லாத செலுத்திகளை விண்டோஸ் ஏற்றுவதில்லை. ஆகவே ஏ.எச்.சி.ஐ.க்கு மாறிய மறுகணம் தன் வட்டையே அதனால் அணுக முடியாமற் போனது.

புதிய பற்றரியைப் போட்டு, திகதியைத் திருத்தி, இணைப்பு முறையை ஐ.டி.இ.க்கு மாற்றிச் சேமித்தேன். விண்டோஸ் பிழையேதுமின்றி எழுந்தது. மலரின் பக்கங்கள் உரிய நாளுக்கு அச்சகம் போயின.

புதிதாக நிறுவியிருந்தால்

நிறுவலும் வெற்றி பெற்றிருக்கும் என்பதைக் கவனிக்க வேண்டும். ஏ.எச்.சி.ஐ. முறையில் நிறுவிய விண்டோஸ் அதே முறையில் நன்றாகவே எழும். விண்டோஸ் கெட்டிருந்தது என்ற முடிவு சரியென நிரூபிக்கப்பட்டது போல் தோன்றியிருக்கும். அதைச் சொன்னவர் அடுத்த கடையிலும் அதையே சொல்லியிருப்பார். இழப்பைக் கடைக்காரரே சுமந்திருப்பார். பாமினி எழுத்துருவும் அதற்கான தட்டச்சு அமைப்பும், பல ஆண்டுகளாகச் சேர்த்த பேஜ்மேக்கர் வார்ப்புகளும், பழைய லேசர் பிரின்ரரின் செலுத்தியும், பிரதி எடுக்கப்படாத கோவைகளும் போயிருக்கும். யூனிகோட்டுக்கு மாறாத அச்சுக் கடைகளில் எழுத்துருக்களின் குறிப்பிட்ட பதிப்பு கூட முக்கியம். வேறொரு பதிப்பில் பழைய கோவைகளின் சில எழுத்துகள் இடம் மாறித் தெரியும். இத்தனைக்கும் பின் மறுநாட் காலை ஃபான் சுழன்று நின்றுகொண்டுதான் இருந்திருக்கும்.

கையளித்த நிலை

புதிய பவர் சப்ளை, புதிய பற்றரி, எர்த் உள்ள எக்ஸ்ரென்சன் கோட் ஆகியவற்றோடு கணினி கையளிக்கப்பட்டது. லேசர் பிரின்ரர் தனிச் சுவர்ப் பிளக்குக்கு மாற்றப்பட்டது. மெயின் சுவிச்சை இரவில் அணைக்கும் வழக்கம் தொடர்கிறது. காலையில் கணினி முதல் அழுத்திலேயே எழுகிறது, மணிக்கூடும் பிந்துவதில்லை.

ஐ.டி.இ. முறையை ஏ.எச்.சி.ஐ.யாக மாற்றுவது அரிய வேலையல்ல. விண்டோஸைப் பாதுகாப்பு நிலையில் தொடங்குமாறு முதலில் அமைத்துவிட்டு, மீளத் தொடங்கும்போது பயாஸில் முறையை மாற்றினால், அந்த நிலையில் அது தேவையான செலுத்தியை ஏற்றிக்கொள்ளும். பின் வழமையான தொடக்கத்துக்குத் திருப்பலாம். ஆனால் இப்போது அதைச் செய்யவில்லை. விண்டோஸ் 10 க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஆம் திகதியோடு முடிவடைந்துவிட்டது. நான்காம் தலைமுறை புரொசசர் விண்டோஸ் 11 க்கான தகுதிப் பட்டியலில் இல்லை. உரிமையாளர் எஸ்.எஸ்.டி. ஒன்று வாங்குவதா, வேறு கணினிக்கே மாறுவதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எதுவானாலும் அப்போது ஏ.எச்.சி.ஐ. முறையிலேயே புதிதாகத் தொடங்கலாம். அதுவரை எவரும் பயாஸை அழித்துவிட்டு மறுபடி நீலத்திரையோடு நிற்காதிருக்க, வட்டு இணைப்பு முறை ஐ.டி.இ. என்றும் பற்றரி மாற்றிய திகதி இன்னது என்றும் எழுதிய தாளொன்று பெட்டியின் பக்கத் தகட்டின் உட்புறத்தில் ஒட்டப்பட்டுள்ளது.